ஏழு பாகத்துல காலைப் புடிச்சவ

உக்காருங்க டீச்சர், நான் சன்னல் பக்கம் தள்ளிக்கிறேன். டீச்சர்தானே நீங்க? விரல்ல செவப்பு மை இருக்கே, அதான் கேட்டேன். உச்சிப்புளி ஆபீஸ்ல வேலை பாக்குற ஆளு இல்லையே? இல்லையா, சரி. தப்பா எடுத்துக்காதீங்க. பாம்பன்ல பஸ்ஸு ஏறுறப்ப இத்தனை சீட்டு காலியாக் கெடக்கு, நீங்க நேரா என் பக்கத்துல வந்து உக்காந்தீங்க. ஏன்னு ஒரு யோசனை வரத்தானே செய்யும். அந்தப் பக்கம் வெயிலா? ஆமா, வெயிலுதான். ஒத்துக்கிறேன்.

எனக்கு இப்ப யாரையும் நம்புற நெலமை இல்ல. இன்னைக்கி நான் எதுக்குப் போறேன்னு கேட்டா நீங்களே சொல்வீங்க. என்னைக் கடலுக்குள்ள வச்சுக் கொல்லப் பாத்தா ஒருத்தி. அவளோட பேரை வேலையிலருந்து எடுக்குறதுக்குக் கையெழுத்துப் போடத்தான் போறேன். வெளியாளுன்னா பரவாயில்லையே. என் கொழுந்தன் பொண்டாட்டி. ஓரகத்தி. பேரு செலினு.

நான் இன்னாசியம்மா. ஊரு சின்னப்பாலம். பாசி எடுக்குற ஆளுக நாங்க. பத்துப் பதினோரு வயசுலருந்து நான் கடலுக்குள்ள முழுகிப் பாசி பறிச்சவ. இடுப்புல சாக்கு, கையில சுத்தியிருக்குற துணி, மூஞ்சியில கண்ணாடி, அவ்வளவுதான். மூச்ச அடக்குனா அடக்குனதுதான். எங்க ஊருல என்கூட முழுகுற பொம்பளைக ரெண்டு தடவை மேல வந்து மூச்சு வாங்கிட்டுப் போவாளுக, நான் அதுக்குள்ள ஒரு தடவைதான் வந்திருப்பேன். பெருமைக்குச் சொல்லல. கேட்டுப் பாருங்க, யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

போன வருசம் ஒரு திட்டம் வந்துச்சு. கடலுக்கடியில பவளப்பாறை செத்துப் போய் வெள்ளையாக் கெடக்குல்ல, அங்க உசுரா இருக்குற துண்டுகளக் கொண்டுபோய் சிமெண்டுப் பலகையில கட்டி நடணும். முதுகுல காத்து டேங்கு கட்டிக்கிட்டு முழுகுற வேலை. பாசிக்காரப் பொம்பளைக பத்துப் பேரை எடுத்துப் பயிற்சி குடுத்தாக. மாசச் சம்பளம். மழைக்காலத்துலயும் சம்பளம். என் வீட்டுக்காரவுக சந்தியாகு, இடுப்பு புடிச்சுப்போயி ரெண்டு வருசமா போட்டுல ஏறுறது இல்ல. அதனால இந்த வேலை எனக்கு எப்படிப்பட்டதுன்னு பாத்துக்கிருங்க.

சரி, எடுத்தாகள்ல, என்னை எடுத்தா போதாதா? அவளையும் எடுத்தாக.

அவகூட எனக்கு மூணு வருசமாப் பேச்சு கிடையாது. காரணம் கேட்டா சிரிப்பீங்க. என் செவலைக் கோழி அவ வீட்டு அடுப்படியில போய்த்தான் முட்டை போடும். தினம். கோழி தானாப் போகுதாம். நான் தவிடு வைக்கிறேன், தண்ணி வைக்கிறேன், கூடை கவுத்துறேன், அது எதுக்கு அங்க போகணும்? என்னத்தையோ வச்சுப் பழக்கியிருக்கா. முட்டையத் திருப்பிக் குடுத்துருவா, அதுவும் எனக்குத் தெரியும், பிள்ளைககிட்டக் குடுத்து விட்டுருவா. ஆனா எத்தனை போட்டுச்சு, எத்தனை குடுத்தா, யாரு கண்டா? கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அன்னைக்கி நின்னதுதான் பேச்சு.

இது பயிற்சி குடுக்குற பிரதாப் சாருக்கும் தெரியும். கோயமுத்தூரு பக்கத்து ஆளு. நல்ல மனுசன்தான், ஆனா குசும்பு. தண்ணிக்குள்ள ரெண்டு ரெண்டு பேரா ஜோடியாத்தான் போகணும், ஒருத்தரு உசுருக்கு ஒருத்தரு பொறுப்பு. என்னையும் செலினையும் ஜோடி போட்டாக. ஏன் சார்னு கேட்டா, "உள்ள போனா யாரும் பேச முடியாதும்மா, உங்க ரெண்டு பேருக்கும் அதுதான் வசதி"ன்னு சொன்னாக. எல்லாப் பொம்பளைகளும் சிரிச்சாளுக. செலினும் சிரிச்சா. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. இதுல சிரிக்க என்ன இருக்கு அவளுக்கு?

இந்த வேலையில கீழ போறது ஒண்ணுமே இல்ல டீச்சர். இடுப்புல ஈயக்கட்டி கெடக்கு, அது பாட்டுக்குக் கொண்டுபோயிரும். மேல வர்றதுதான் பாடு. அதுக்கு ஒரு ஜாக்கெட்டு குடுப்பாக. நாம போடுற ஜாக்கெட்டு இல்ல, கருப்பா, தடியா, உள்ள காத்துப் பை வச்சது. டேங்குலருந்து காத்து அதுக்குள்ள போனா நம்மள மேல தூக்கும். காத்து போயிட்டா அமுங்குவோம். தோள்கிட்ட ஒரு குழா தொங்கும், அதுல ரெண்டு பட்டனு. பிரதாப் சாரு நாள் தவறாமச் சொல்லுறது ஒண்ணுதான். "மேல வரும்போது மூச்சை அடக்காதீங்க. மெதுவா வாங்க. காத்தை விட்டுக்கிட்டே வாங்க."

ஒரு நாள் வித்தை மாதிரி ஒண்ணு காமிச்சாக. அடியில வச்சே ஒரு பலூனை ஊதிக் கட்டி, கயித்துல மேல விட்டாக. வர வரப் பெருத்துக்கிட்டே வருது. பாதி தூரம் தாண்டல, பட்டுனு வெடிச்சிருச்சு. நாங்க எல்லாரும் கையத் தட்டுனோம். ஜாக்கெட்டும் இப்படித்தான், உங்க நெஞ்சுக்குள்ள இருக்குற காத்தும் இப்படித்தான்னு சாரு என்னமோ சொன்னாக. நான் அதப் பெருசா எடுத்துக்கல. முப்பது வருசமா மூச்ச அடக்கி மேல வர்றவளுக்குப் பலூனைக் காட்டிப் பாடம் நடத்துனா எப்படி?

அந்தப் பட்டனை நான் தொடுறதே இல்ல. கயித்தப் புடிச்சுக்கிட்டு, காலை அடிச்சு நீந்தியே மேல வந்துருவேன். சாரு பக்கத்துல வந்து அவுகளே குழாயத் தூக்கி என்னத்தையோ அமுக்கி விட்டுக்கிட்டு வருவாக. மேல வந்ததும் ஏச்சு விழும். "காத்தை விடுங்கன்னு எத்தனை தடவைம்மா சொல்றது?" இப்படியே ஓடிக்கிட்டிருந்துச்சு.

போன புதன்கெழமை சாரு போட்டுலயே இருந்துட்டாக. இனிமே ஜோடி ஜோடியா நீங்களே போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டாக. ஏழு பாகம் ஆழம். ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், அப்படி ஏழு. நானும் செலினும் போய்ப் பதினாறு துண்டு கட்டுனோம். வேலையில அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன், கை சுத்தமா இருக்கும். முடிஞ்சது. மேல போலாம்னு கட்டைவிரலைக் காட்டுனா. நானும் காட்டுனேன்.

அப்ப எனக்கு ஒரு யோசனை. இவ என்னையே பாத்துக்கிட்டு இருக்கா. இன்னைக்கும் பட்டனைத் தொடாம நீந்துனோம்னா, மேல போய் சாருகிட்ட வத்தி வச்சிருவா, அக்காவுக்கு இன்னும் ஒண்ணும் வரலன்னு. அந்த எடத்தை அவளுக்குக் குடுக்கக்கூடாது. சாரு சொன்னதச் சொன்னபடி செஞ்சு காமிப்போம்னு முடிவு பண்ணிக் காத்தை விட்டேன்.

விட்டதும் லேசாத் தூக்குச்சு. அட, இவ்வளவு சுகமா இருக்கே, இத்தனை நாள் காலை அடிச்சுக் கஷ்டப்பட்டோமேன்னு தோணுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டேன். விட்டுக்கிட்டே வாங்கன்னுதானே சொன்னாக? விட்டுக்கிட்டே வந்தேன். வேகம் புடிச்சிருச்சு. ஜாக்கெட்டு நெஞ்சை இறுக்குது. மூச்ச நல்லா இழுத்து அடக்கிக்கிட்டேன். பயம் வந்தா எனக்குக் கை தானா அந்த வேலையத்தான் செய்யும், கையில்ல, நெஞ்சு.

கீழ பாக்குறேன். செலினு ரெண்டு கையையும் கீழ கீழன்னு ஆட்டுறா. கீழயே கெட, மேல வராதேங்குறா. மனசுல இருக்குறது கையில வந்துருச்சு பாத்தீங்களா. நான் நிக்கல. சர்ருனு வந்தா, என் காலைப் புடிச்சா.

காலைப் புடிச்சா டீச்சர், கரண்டையில, ரெண்டு கையாலயும்.

கேளுங்க, இனிமேத்தான் இருக்கு. அவ ஜாக்கெட்டுலருந்து குபுகுபுன்னு குமிழி போகுது. தன்னோட காத்து பூராத்தையும் தொறந்து விட்டுட்டா. எதுக்கு? கல்லு மாதிரி கனக்கணும், கனத்து என்னைக் கீழ இழுக்கணும். என் காலுல தொங்குறா. நான் மேல போகுறேன், அவ கீழ இழுக்குறா. அப்புறம் என்மேலயே ஏறுறா. முட்டியப் புடிச்சு, இடுப்பைப் புடிச்சு, தென்னை மரத்துல ஏறுற மாதிரி ஏறி வந்து வயித்துல ஒரு குத்து விட்டா. ஆமா, குத்து. அடக்கி வச்சிருந்த மூச்சு பூராவும் வெளிய போயிருச்சு. அதோட விட்டாளா? என் தோள்ல கெடந்த குழாயப் புடுங்கி மேல தூக்கி, அமுக்கி, என் ஜாக்கெட்டுல இருந்த காத்தையும் காலி பண்ண ஆரம்பிச்சா. என் காத்தை டீச்சர். என்னோட காத்தை.

நான் உதைச்சேன். உதைக்காம? முட்டி அவ மூஞ்சியில பட்டுச்சு. கண்ணாடி கழண்டு போச்சு அவளுக்கு. கண்ணத் தொறக்க முடியாம, மூக்குல தண்ணி ஏற, அப்பவும் விடல அவ. குழாய விட்டா, இடுப்பைக் கட்டிக்கிட்டா. ரெண்டு பேருமாத்தான் மேல வந்து விழுந்தோம்.

எனக்கு ஒரு கீறல் இல்ல. அவளுக்கு மூக்குல ரத்தம், காதுல ரத்தம். போட்டுல தூக்கிப் போட்டாக. நான் போட்டுல நின்னுக்கிட்டு எல்லாரு முன்னாலயும் சொன்னேன், இவ என்னைக் கொல்லப் பாத்தான்னு. பிரதாப் சாருக்கு மேலருந்து என்ன தெரியும்? ரெண்டு தலை மேல வந்ததுதான் தெரியும். செலினு படுத்துக்கிட்டு என்னையே பாத்தா. வாயத் தொறக்கல. தப்பு இல்லாதவ வாயத் தொறப்பாளா மாட்டாளா, நீங்களே சொல்லுங்க.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில சேத்துருக்காக. காதுச் சவ்வு கிழிஞ்சு போச்சாம். வேகமா மேல வந்ததுல அழுத்தம் தாங்கலன்னு டாக்டரு சொன்னாராம். என் உதையால இல்ல, அழுத்தத்தால. அத நல்லாக் கேட்டுக்கிட்டேன். இனிமே அவ முழுக முடியுமா முடியாதான்னு மூணு மாசம் கழிச்சுத்தான் சொல்வாராம். என் கொழுந்தன் வந்து வாசல்ல நின்னு, "மதினி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க"ன்னாரு. நான் போகல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்புடுறாருன்னு இருந்துச்சு.

உச்சிப்புளித் திட்ட ஆபீஸ்ல எங்க ரெண்டு பேரையும் வேலையிலருந்து நிறுத்தி வச்சுட்டாக. யாரு தப்புன்னு முடிவாகணும், தப்புப் பண்ணவுக பேரை எடுத்துருவோம்னாக. எனக்கு மூணு நாளா அதே கவலைதான். அவ இங்கிலீசு கலந்து பேசுவா, சாருகிட்ட நல்ல பேரு வேற. என்னமாச்சும் சொல்லி என் பேரைத்தான் எடுப்பாகன்னு நெனச்சேன். ஆனா பாருங்க, கடவுள் இருக்காரு. நேத்து அவளே எழுதிக் குடுத்துட்டா. இந்தா இருக்கு, ஜெராக்ஸு. இதுக்குக் கீழ, இது உண்மைதான்னு நான் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. திங்கக்கெழமை நான் கடலுக்குப் போகலாம்.

படிங்க. சத்தமாவே படிங்க, எனக்குக் கேக்க ஆசையா இருக்கு.

"மேலே வரும்போது தவறான பட்டனை அழுத்திக் காற்றை ஏற்றியது நான்தான். பயத்தில் மூச்சை அடக்கியதும் நான்தான். இன்னாசியம்மாள் அக்கா மீது எந்தத் தவறும் இல்லை."

பாத்தீங்களா? தன் கையாலயே எழுதிட்டா. மனசாட்சி உறுத்தியிருக்கு.

என்ன டீச்சர் அப்படிப் பாக்குறீங்க? அவ ஜாக்கெட்டுலருந்து குமிழி போனதா நானே சொன்னேனே, ஏத்துனவளுக்கு எப்படிக் குமிழி போகும்னா? அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவ எழுதியிருக்கா, அவ கையெழுத்து.

நான் அமுக்குன பட்டனா? எதுக்குக் கேக்குறீங்க? குழாய்ல ரெண்டு இருக்குன்னேன்ல, ஓரத்துல இருக்குற பட்டனு. அமுக்குனா புஸ்ஸுன்னு ஜாக்கெட்டு ஊதும். காத்தை விடுறது அதுலதானே. சாரு சொன்னதுதானே, காத்தை விடு. குழம்புக்குத் தண்ணி விடுன்னா உள்ளதானே விடுவோம்? தோசைக்கு எண்ணெய் விடுன்னா? வெளக்குக்கு எண்ணெய் விடுன்னா? விடுன்னா உள்ள ஊத்துறதுதான். நீங்க தமிழ் டீச்சரா? இல்லையா, கணக்கா? அப்ப உங்களுக்கு எங்க தெரியப்போகுது. விடுறதுன்னா விடுறதுதான். ஆட்டை அவுத்து விடுறது, பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு விடுறது, மூச்சு விடுறது...

மூச்சு வெளியதான் விடுறோம்.

கொஞ்சம் இருங்க.

அப்ப அவுக வெளிய விடுன்னு சொல்லியிருக்கணும். சொல்லணுமா இல்லையா? பாசிக்காரப் பொம்பளைக்குப் பாடம் சொல்றவுக பாசிக்காரப் பொம்பளைக்குப் புரியுற மாதிரி சொல்லணும். பத்துப் பேருல மத்த ஒம்போது பேருக்கும் புரிஞ்சிருக்கேன்னா? அது என்னவோ. அவளுக புரிஞ்ச மாதிரி இருந்திருப்பாளுக.

அந்தப் பலூனு பாதியில வெடிச்சுச்சுன்னு சொன்னேன்ல. பாதியிலதான் டீச்சர், அவ என் வயித்துல குத்துனது.

தண்ணி வச்சிருக்கீங்களா? ஒரு மடக்குக் குடுங்க.

அவ எதுக்கு இப்படி எழுதணும்? நீங்க படிச்சவுக, சொல்லுங்க. ஒருத்தி எதுக்கு நான் செஞ்ச தப்பை அவ செஞ்சதா எழுதிக் குடுப்பா? மூணு வருசமா என் நெழலு பட்டாக்கூட ஒதுங்கிப் போனவ. இதுல என்னமோ இருக்கு. ஆயுசு பூரா நான் அவ முன்னால தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கணும்னு பாக்குறா. இல்ல, கையெழுத்தை என்னைப் போட வச்சுட்டு அப்புறமா உண்மையச் சொல்லி என்னை மாட்டி விடப் பாக்குறா. இல்லையா? அப்படி இருக்காதா? நீங்க அவளைப் பாத்ததே இல்ல, எப்படி இருக்காதுன்னு சொல்றீங்க?

இனிமே முழுக முடியாதுன்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கும். போறது போச்சு, அக்காவாச்சும் இருக்கட்டும்னு... என் வீட்டுக்காரவுகளுக்கும் இடுப்பு இப்படி இருக்கேன்னு...

பயமா இருக்கு டீச்சர். அவ என்னைக் கொல்லப் பாத்தான்னு இருந்தப்பகூட இம்புட்டுப் பயம் இல்ல. அப்ப கோவந்தான் இருந்துச்சு, கோவத்தோட சோறு திங்கலாம், தூங்கலாம். இதை வச்சுக்கிட்டு நான் எப்படி அந்தத் தெருவுல நடப்பேன்? நான் உதைச்சேன் டீச்சர். கண்ணு தெரியாம என் இடுப்பைக் கட்டிக்கிட்டு இருந்தவளை நான் ரெண்டாவது தடவையும் உதைச்சேன். அத உங்ககிட்டச் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல.

உச்சிப்புளியா? வந்துருச்சா? கூப்புடுறாரு கண்டக்டரு. இல்ல, நீங்க எந்திரிக்காதீங்க, வழி விட வேண்டாம். தம்பி, எனக்கு ராமநாதபுரத்துக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க. ஆஸ்பத்திரி ஸ்டாப்பு.

அந்தக் காயிதத்தைக் குடுங்க இப்படி. கையெழுத்துப் போட மாட்டேன். வேலை போனாப் போகுது, திரும்பப் பாசிக்குப் போறேன். ஆனா ஒண்ணு, நான் அவகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனச்சுக்கிறாதீங்க. கேக்கத்தான் போறேன், எதுக்குடி எனக்காக இதை எழுதுனன்னு. மூஞ்சியப் பாத்துக் கேப்பேன். அவ சொல்ற பதிலு எனக்குச் சரியாப்படலன்னா அங்கயே ஏசிட்டு வந்துருவேன்.

எந்தக் காதுன்னு நான் கேக்கவே இல்ல. கொழுந்தன் வந்து சொன்னப்பகூடக் கேக்கல. டாக்டரு சொன்னாரு அழுத்தம்னு, ஆனா இங்க பாருங்க, நான் உதைச்சது வலது காலு. ரெண்டு தடவையும் வலது காலு. அவ என்னைப் பாத்த மாதிரி இருந்தா. அப்ப அவளுக்கு எடது பக்கம். எடது காதுதான் டீச்சர். நான் போயி வலது பக்கமா உக்காந்து பேசணும்.